உண்டியல் என்னும் ஒரு சொல்: மொகல் தெருவிலிருந்து கியூஆர் குறியீடு வரை



சிங்கப்பூரில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். "சாமி, திருவிழாக் காணிக்கையை உண்டியலில் அனுப்பட்டுமா, கியூஆரில் அனுப்பட்டுமா?" என்பதே கேள்வி. ஆலய வாசலில் இருக்கும் மரப்பெட்டிதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு யாங்கோன் பெட்டியில் எவ்வாறு காசு போடுவார் என்று சற்றுத் திகைத்தும் போனேன். அவர் கருதியதோ வேறொன்று. அங்கே ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால், மறுநாள் இங்கே மற்றொருவர் அதற்கு ஈடான சாட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பாரே, அந்த முறை. அதற்கும் உண்டியல் என்றே பெயர். (செய்தித்தாள்கள் கியாட் என்று எழுதினாலும், இங்கே வாழும் நம் நாவில் அது சாட் என்றே ஒலிக்கிறது. அவ்வாறே எழுதுகிறேன்.)

அவருக்கு ஒரு வரியில் விடை எழுத அமர்ந்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. இந்நகரில் பணம் என்பது எத்தனை முறை வேடம் மாறியது, எத்தனை முறை நம்மைக் கைவிட்டது என்பதைச் சொல்லாமல் அக்கேள்விக்கு நேர்மையாக விடை தர இயலாது என்று தோன்றியது. ஆகவே, சற்று நீண்ட இம்மடலை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன். பொறுமையோடு படியுங்கள்.

உங்களுள் மூத்தவர்கள் மொகல் தெருவை அறிவீர்கள். இன்று அதன் பெயர் ஷ்வே பொந்தா தெரு. நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தெரு நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் தெருவாக இருந்தது. அவர்களுடைய கிட்டங்கிகள் அங்கே வரிசையாக நின்றன. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் தத்தம் பெட்டியடியில் சம்மணமிட்டு அமர்ந்து, பேரேட்டிலும் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டிருப்பர். இரவானால் அதே கூடத்தில் பாய் விரித்து உறங்குவர். மாதந்தோறும் அத்தெருக் கோயிலில் கூடி வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பர். 1929-30 ஆம் ஆண்டுகளில் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, பர்மா முழுவதும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் கடனாகக் கொடுத்திருந்த தொகை 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது.

அவர்களுடைய கருவிகளுள் ஒன்றுதான் உண்டியல். வடநாட்டார் ஹுண்டி என்பர். இரங்கூனில் இருக்கும் ஒரு கடை, காரைக்குடியிலோ சென்னையிலோ இருக்கும் மற்றொரு கடைக்கு, "இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் கொடுக்க" என்று எழுதித் தரும் ஒரு துண்டுத் தாள் அது. கண்டவுடன் பணம் தர வேண்டியது ஒரு வகை, தவணை கழித்துத் தர வேண்டியது இன்னொரு வகை. பணம் கடலைக் கடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தாள் மட்டுமே கடந்தது. இரு கரையிலும் பேரேடுகளில் ஒருவர் பற்றும் மற்றவர் வரவும் எழுதிக்கொள்ள, கணக்குப் பின்னர் நேராயிற்று. கையெழுத்தை அடையாளம் காணும் ஒருவர் மறுகரையில் இருந்தார். அந்தக் கையெழுத்துக்கு உரியவருடைய ஊர், கோயில், பெண் கொடுத்த வீடு வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிமுகமே தாளுக்கு மதிப்பைத் தந்தது. 1937 பிப்ரவரி 10 அன்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளைகளைத் திறந்தார். உண்டியல் சென்று வந்த அதே வழிதான் வங்கியின் வழியாகவும் ஆயிற்று.

நம் முன்னோருள் பெரும்பாலோர் செட்டியார்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேஸ்திரி கையில் முன்பணம் பெற்றுக் கப்பலேறி, துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் மூட்டை சுமந்தவர்களே மிகுதி. 1931 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இரங்கூனின் ஏறத்தாழ நான்கு லட்சம் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். சுமை தூக்கியவர்களுக்கு மணியார்டரும், ஊர் திரும்பும் உறவினரின் மடியுமே வங்கி.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. நம் வரலாற்றைச் சொல்லும்போது செட்டியார்களின் நாணயத்தைப் பெருமையோடு கூறும் நாம், அந்நாணயம் பர்மிய உழவருக்கு எவ்வாறு தோன்றியது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. 1930 இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் பயிர் நிலத்தின் 6 விழுக்காடு அவர்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது; கடனைத் திருப்பித் தர இயலாத உழவர் நிலத்தை எழுதிக் கொடுத்தனர். 1938 இல் அப்பங்கு 25 விழுக்காடு ஆயிற்று. செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணத்தையே விரும்பினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அது உண்மையாக இருக்கலாம். தாத்தாவின் வயலில் கூலியாளாக நின்ற உழவருக்கு அவ்விளக்கத்தால் என்ன பயன்? பின்னாளில் நம்மீது பாய்ந்த சினத்தின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது முதல் குண்டுகள் விழுந்தன. அதன் பின் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர், பெரும்பாலோர் கால்நடையாக, அரக்கான் வழியாகவும் அசாம் மலைகள் வழியாகவும் வெளியேறினர். ஜப்பானியர் தங்கள் நோட்டுகளை அச்சிட்டுப் புழங்கவிட்டனர். 1945 இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அவை வெற்றுத் தாளாயின. விடுதலைக்குப் பின், 1952 இல் ரூபாய் நீங்கிச் சாட் வந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு சாட். அந்த மாற்றம் யாருக்கும் இழப்பின்றி நிகழ்ந்தது. இந்நாட்டில் அப்படி நிகழ்ந்தவை அரிது.

அடுத்து வந்தவற்றை உங்களுள் பலர் உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். 1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரி 23 அன்று நாட்டிலிருந்த 24 வங்கிகளும் அரசுடைமையாயின. பெயர்களையும் இழந்து, மக்கள் வங்கி எண் 1, எண் 2 என்று எண்களாயின. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கிளையும் அவற்றுள் ஒன்று. 1964 மார்ச்சில் கடைகள் பறிபோயின. அதே ஆண்டு மே 17 அன்று, 50 சாட், 100 சாட் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. கப்பலுக்குக் காத்திருந்த குடும்பங்கள் துறைமுகத்தில் நகைகளையும் கழற்றி வைத்துவிட்டே ஏறின. சென்னையின் பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அந்தக் கப்பல்களில் இறங்கியவர்களின் தடங்கள்.

எஞ்சி இங்கேயே தங்கியவர்களுக்கு அத்துடன் முடியவில்லை. 1985 நவம்பரில் 20, 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. அவற்றின் இடத்தில் 75 சாட் நோட்டு வந்தது. தளபதிக்கு அப்போது 75 வயது நிறைவாகிறது என்று மக்கள் காரணம் கூறினர். மறு ஆண்டு 15, 35 சாட் நோட்டுகள் வந்தன. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்றனர்; மாற்றுத் தொகை ஒரு காசும் இல்லை. புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கும் மேல் ஒரே பகலில் மறைந்தது. பின் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகள் வந்தன. எண் கணிதம் கற்கும் பிள்ளைகளுக்கு அவை நல்ல பயிற்சியாக அமைந்தன என்று ஒரு பெரியவர் என்னிடம் கூறிச் சிரித்தார். அவருடைய தேநீர்க் கடைச் சேமிப்பு முழுவதும் 75 சாட் நோட்டுகளாக இருந்தது. மறு ஆண்டு எழுந்த 1988 கிளர்ச்சிக்கு அந்தச் செப்டம்பரும் ஒரு காரணம்.

2003 பிப்ரவரியில் தனியார் வங்கிகள் முன் மக்கள் திரண்டனர். வங்கிகளால் கொடுக்க இயலவில்லை. இத்தகைய ஊரில், மூதாட்டிகள் வங்கியை நம்பாமல் தங்க வளையலை நம்புவதில் வியப்பு என்ன? பர்மியர், தமிழர், சீனர் என்ற வேறுபாடு இதில் கிடையாது.

இப்பின்னணியில்தான் கியூஆர் குறியீட்டைப் பார்க்க வேண்டும். அதன் பிறப்பிடம் ஜப்பான். 1994 இல் டென்சோ வேவ் நிறுவனத்தின் மசாஹிரோ ஹாரா என்னும் பொறியாளரும் அவர் குழுவினரும், மோட்டார் வாகன உதிரிபாகங்களை விரைவில் இனங்காண்பதற்காக அதை அமைத்தனர். கோ என்னும் பலகை விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் காய்களே அவருக்குத் தூண்டுதல். மூன்று மூலைகளில் நிற்கும் சதுரங்கள், எந்தப் பக்கம் திருப்பினாலும் கருவி அதை அறிந்துகொள்ள உதவுபவை. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில், ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்துபோனாலும் எஞ்சியதைக் கொண்டு முழுவதையும் மீட்கலாம். பனை ஓலையில் கரையான் அரித்த எழுத்தை உரையாசிரியர் மீட்பது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்; இங்கே ஊகம் இல்லை, கணக்கு.

இங்கே அது வருவதற்கு முதலில் கைப்பேசி வர வேண்டியிருந்தது. 2013 இல் இரு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்து, அடுத்த ஆண்டு அவை சேவையைத் தொடங்கும் வரை, சிம் அட்டை என்பது செல்வரின் உடைமை. அதன் பின் 1,500 சாட்டுக்குக் கிடைத்தது. 2016 மார்ச்சில் மத்திய வங்கி கைப்பேசிப் பணச் சேவைக்கு விதிகளை வகுத்தது. அவ்வாண்டே வேவ் மணி தொடங்கியது. 2018 இல் கம்பவுசா வங்கியின் கேபிஇசட் பே வந்தது. நகரத்து வெற்றிலைக் கடை வரை சதுரக் குறியீடு ஒட்டப்பட்டது. ஆனால் ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒரு கடைச் சுவரில் நான்கு, ஐந்து. அவற்றை ஒன்றாக்க மத்திய வங்கி எம்எம்கியூஆர் என்ற பொதுக் குறியீட்டைக் கொணர்ந்தது. சிங்கப்பூரில் நீங்கள் 2018 முதல் காணும் எஸ்ஜிகியூஆர் போன்றதே அது.

அக்குறியீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இளைஞர் சிலர் கேட்டதுண்டு. பணம் இல்லை, அட்டவணை ஒன்று இருக்கிறது. ஈஎம்வி கோ என்னும் அமைப்பு 2017 இல் வெளியிட்ட இலக்கணத்தைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. 53 ஆம் எண்ணில் நாணயம்: சாட் என்றால் 104, சிங்கப்பூர் வெள்ளி 702, ரிங்கிட் 458, இந்திய ரூபாய் 356. 54 இல் தொகை. 58 இல் நாடு, 59 இல் கடையின் பெயர், 60 இல் ஊர். சுவரில் ஒட்டும் நிலையான குறியீட்டில் தொகை இராது, செலுத்துபவரே இட வேண்டும். ஒரு முறைக்கென உருவாக்குவதில் தொகையும் அடங்கியிருக்கும். இறுதியாக 63 ஆம் எண்ணில் ஒரு சரிபார்ப்புத் தொகை. முன்னுள்ள எழுத்துகளில் ஒன்று பிழைத்தாலும் அது பொருந்தாது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன். அந்தச் சரிபார்ப்புத் தொகை எதைச் சரிபார்க்கிறது? எழுத்து சிதையவில்லை என்பதை மட்டுமே. குறியீட்டை ஒட்டியவர் நேர்மையானவரா என்பதை அன்று. திருடர் ஒருவர் தம் குறியீட்டை முறைப்படி உருவாக்கிக் கடைக்காரரின் குறியீட்டின் மேல் ஒட்டிவிட்டால், கணக்கு மிகச் சரியாகப் பொருந்தும். பணமும் மிகச் சரியாகத் திருடரிடம் சேரும். மொகல் தெருத் தாளில் கையெழுத்தை அறிந்த ஒருவர் மறுமுனையில் இருந்தார். சதுரத்தின் முகத்தை எவரும் அறியார். செயலி காட்டும் பெயரைப் படித்த பின்னரே விரலை அழுத்த வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனாலேயே. 2025 மார்ச் 28 அன்று சகாயிங், மண்டலை நகரங்களை நிலநடுக்கம் சிதைத்தபின், உதவி கோரும் சதுரங்கள் என் கைப்பேசிக்கும் பல வந்தன. அவற்றுள் சிலவற்றை அனுப்பியவருக்கே அவை யாருடையவை என்று தெரியவில்லை.

2021 பிப்ரவரி 1 ஐ நான் தாண்டிச் செல்ல இயலாது. ஆட்சி மீண்டும் படையின் கைக்குப் போன பின், வங்கி ஊழியர் பணிக்குச் செல்ல மறுத்தனர், கிளைகள் மூடின, இணையம் இரவுதோறும் நின்றது. வங்கியிலிருந்து ஒருவர் வாரத்திற்கு 20 லட்சம் சாட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்று மார்ச்சில் வரம்பு விதிக்கப்பட்டது. அந்த வரம்பளவுகூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. விடியுமுன் தானியங்கிப் பணப்பொறிகளின் முன் வரிசை நின்றது. அப்போது ஒரே சாட் இரண்டு ஆயிற்று. கையில் உள்ள சாட்டுக்கு ஒரு மதிப்பு, செயலியில் உள்ள சாட்டுக்கு அதனினும் குறைந்த மதிப்பு. செயலிப் பணத்தை நோட்டாக மாற்றித் தருவோர் கழிவு பிடித்துக்கொண்டனர். பல கடைக்காரர் சுவரிலிருந்த குறியீட்டை அட்டையால் மறைத்தனர். 1987 ஐக் கண்ட மூதாட்டிகள் எதுவும் சொல்லவில்லை. வளையலைத் தடவிப் பார்த்துக்கொண்டனர்.

பின்னர் கண்காணிப்பு வந்தது. எதிர்ப்பாளருக்கு உதவியதாகக் கருதப்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன. அடையாள ஆவணம் பதியாத கணக்குகளைப் பதியுமாறு கட்டாயப்படுத்தினர். நம்மவருக்கு இது மற்றவரைவிடக் கடினம். குறியீடு உருவாக்க அடையாள அட்டை வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டம் மக்களை மூவகையாகப் பிரித்தது: முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமக்களுக்கு நீலம், இயல்புரிமை பெற்றவருக்குப் பச்சை. இம்மூன்றும் இல்லாமல், தாம் பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவர் பதிவுச் சான்றோடு வாழும் தமிழ்ப் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். பேரன் பெயரில் உள்ள குறியீட்டை வைத்து அப்பம் விற்கும் பாட்டியின் வருமானம், சட்டத்தின் கண்ணில் பேரனுடையது. பேரன் வெளிநாடு சென்றுவிட்டால் என்ன செய்வார் என்று நானே அவரிடம் கேட்டேன். "நோட்டாகக் கொடு என்பேன்" என்றார்.

இப்போது உங்கள் வெளிநாட்டு உண்டியலுக்கு வருகிறேன். சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் 2023 பிப்ரவரியில் இணைந்தன; திருச்சிக்கு நொடியில் பணம் போகிறது. யாங்கோனுக்கு அத்தகைய பாலம் இல்லை. 2012 ஏப்ரல் வரை அரசின் கணக்கில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 6 சாட். வெளியிலோ எண்ணூறுக்கு அருகில். அந்த ஆண்டு அவ்விரட்டை விலை நீங்கியது. பத்தாண்டு கழித்துத் திரும்பியது: 2022 ஆகஸ்டில் அரசு 2,100 என்று கட்டியது, சந்தை அதற்கு மிகவும் மேலே சென்றது. 2023 செப்டம்பரில், வெளிநாட்டில் உழைப்போர் வருமானத்தின் கால் பங்கை அரசு ஏற்ற வழியிலேயே அனுப்ப வேண்டும் என்ற ஆணையும் வந்தது. மக்கள் ஏன் பழைய வழியை நாடுகிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆயினும் இடையில் நிற்பவர் மறைந்துவிட்டால் முறையிட இடமில்லை. பிடிபட்டால் தண்டனை, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும். ஆகவே ஆலயத்துக்கு அவ்வழியில் ஒரு காசும் அனுப்ப வேண்டாம்.

செட்டியார்கள் தம் பேரேட்டில் மகமை என்று ஒரு சிறு பங்கை அறத்துக்கென ஒதுக்கி எழுதினர். எழுதப்பட்ட கொடை அது. நம் மரப்பெட்டி எழுதாத கொடைக்கு உரியது. எருசலேம் ஆலயத்தில் இரு காசு இட்ட கைம்பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. கியூஆர் குறியீட்டில் இட்டிருந்தால் பெயரும், எண்ணும், மணித்துளியும் பதிவாகியிருக்கும். நல்ல நாட்டில் அது கணக்குக்கு உதவும். கணக்கைப் பார்த்து மனிதரைத் தேடும் நாட்டில், கொடுப்பவருக்கு அது என்ன செய்யும் என்பதை நாம் எண்ண வேண்டியிருக்கிறது.

ஆலயப் பேரவையில் இதைப் பற்றி மூன்று ஞாயிறு பேசினோம். இளையோர் வேண்டும் என்றனர். மின்சாரம் இல்லாத நேரத்தில் கைப்பேசிக்கு உயிர் இராது என்று மூத்தோர் நகைத்தனர். இறுதியில், மரப்பெட்டியை அகற்றாமல், மின் கட்டணத்துக்கும் மறைக்கல்வி வகுப்புச் செலவுக்கும் மட்டும் ஒரு குறியீடு வைப்பது என்று முடிவு செய்தோம். அது அலுவலக அறைக்குள், கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் திருப்பலிக்கு முன் பேரவைச் செயலர் தம் கைப்பேசியால் அதைச் சோதித்துப் பெயர் சரியா என்று பார்க்கிறார்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு என் விடை இது. இவ்வாண்டு விடுமுறையில் வரும்போது கையில் கொண்டுவாருங்கள். வர இயலாவிட்டால், ஆலய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழையுங்கள். செயலரின் குரல் உங்களுக்குத் தெரியும், அவருக்கும் உங்கள் குரல் தெரியும். இப்பதிவின் கீழே குறியீட்டுப் படத்தைத் தேடாதீர்கள். நான் இடவில்லை. என் பெயரில் எவரேனும் அனுப்பினால், அது என்னுடையது அன்று.